ஓட்டு போடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் படிக்கணும்ல? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்கால இருக்கற புரோகான் இணையதளத்த பத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். மரண தண்டனை, ஸ்கூல் யூனிஃபார்ம், மருத்துவத்துக்கு கஞ்சா இப்படி ஜனங்க அடிச்சுக்கற விஷயத்துல எல்லாம் ஆதரவா சொல்றவங்க வாதம் ஒரு பக்கம், எதிர்க்கறவங்க வாதம் இன்னொரு பக்கம்னு வச்சு, முடிவ படிக்கறவங்க கையில விடற தளம் அது. கலிஃபோர்னியால சான்டா மோனிகால 2004ல ஆரம்பிச்சது, 2020ல பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தோட சேந்துடுச்சு. அந்த பெட்டிச் செய்தில கடைசி வரியா, இந்த மாதிரி கட்சி சாராத தகவல அரசாங்கங்களும் பயன்படுத்துதுன்னு எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்ளோ கேள்வி, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் காலேஜ்ல டிபேட் டீம்ல இருக்கேன். நாங்க இந்த மாதிரி தளத்த பாக்கறது சரி, அரசாங்கத்துக்கு இது எதுக்கு? அவங்ககிட்ட ஆயிரம் ஆபீசர் இருக்காங்களே?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

ஆபீசர் இருக்காங்கம்மா, ஆனா அவங்க எல்லாம் மந்திரிக்கு கீழ வேலை பாக்கறவங்க, சட்டத்துக்கு ஓட்டு போட வேண்டிய உறுப்பினருக்கு யாரு எடுத்து சொல்லுவா? இந்த பிரச்சனைய அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு, 1914லயே அவங்க நாடாளுமன்றத்தோட நூலகத்துக்குள்ள ஒரு தனிப் பிரிவு ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்கு அதுக்கு பேரு காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ், சுருக்கமா சிஆர்எஸ். ரெண்டு கட்சிக்காரங்களும் அங்க கேள்வி அனுப்பலாம், அவங்க தகவலையும் ரெண்டு தரப்பு வாதத்தையும் எழுதி குடுப்பாங்க, ஆனா இதுக்கு ஓட்டு போடு அதுக்கு போடாதன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

ஆனா எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு. ஜனங்க வரிப்பணத்துல எழுதின இந்த அறிக்கைகள ஜனங்களே நேரா பாக்க முடியாது, 2018 வரைக்கும் அதுதான் நிலைமை. வேணும்னா உங்க தொகுதி உறுப்பினருக்கு எழுதி அவரு தயவுல வாங்கணும், இல்லன்னா தனியார் கம்பெனிங்க எப்படியோ வாங்கி வச்சு விலைக்கு வித்தாங்க, அவங்ககிட்ட காசு குடுத்து வாங்கணும். தகவல் சுதந்திரத்துக்காக போராடறவங்க சில பேரு கைக்கு கிடைச்சத எல்லாம் வருஷக்கணக்கா நெட்ல ஏத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசியா 2018 மார்ச்ல ஒரு சட்டம் வந்து, அந்த வருஷம் செப்டம்பர்ல அரசாங்கமே ஒரு தளம் திறந்து எல்லாத்தையும் இலவசமா போட ஆரம்பிச்சுது. 1914ல இருந்து எண்ணுங்க, 104 வருஷம். உறுப்பினர் என்ன படிச்சாரோ அத அவருக்கு ஓட்டு போட்டவங்களும் படிக்கறதுக்கு இவ்ளோ காலம் ஆயிருக்கு.

கேள்வி: அரசாங்கம் சம்பளம் குடுக்கற ஆளு அரசாங்கத்துக்கு பிடிக்காதத எழுதுவானா? நடைமுறைல நடக்கற காரியமா சொல்லுங்க.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

நியாயமான சந்தேகம் சார். ரெண்டு விதமாவும் நடந்திருக்கு, ரெண்டையும் சொல்லிடறேன்.

2012ல சிஆர்எஸ்ல ஒரு பொருளாதார நிபுணர், பணக்காரங்களுக்கு வரி விகிதத்த குறைச்சா பொருளாதார வளர்ச்சி கூடும்னு சொல்றதுக்கு பழைய கணக்குல தெளிவான ஆதாரம் தெரியலன்னு ஒரு அறிக்கை எழுதினாரு. தேர்தல் நேரம். நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட்ல ரிபப்ளிகன் கட்சிக்காரங்க ஆட்சேபணை சொல்ல, அந்த அறிக்கைய வாபஸ் வாங்கிட்டாங்க. அப்பறம் தேர்தல் எல்லாம் முடிஞ்சு டிசம்பர்ல திருத்தி மறுபடி வெளியிட்டாங்க, முடிவு மாறல. ஆக, அழுத்தம் வராதுன்னு நினைக்காதீங்க, வரும்.

இன்னொண்ணு 2017ல நடந்தது. ஒபாமா கொண்டு வந்த ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டத்த எடுக்கறதுக்கு டிரம்போட ரிபப்ளிகன் கட்சி மசோதா கொண்டு வந்தாங்க. அங்க பட்ஜெட் கணக்கு பாக்கறதுக்குன்னே காங்கிரஷனல் பட்ஜெட் ஆபீஸ்னு ஒரு நடுநிலை அமைப்பு இருக்கு, 1974ல சட்டம் போட்டு உண்டாக்கினது. அப்ப அதோட டைரக்டரா இருந்தவரு கீத் ஹால், அவர 2015ல நியமிச்சதே ரிபப்ளிகன் தலைவர்கள்தான். ஆனா அவங்க மசோதாவுக்கு அவரு ஆபீஸ் போட்ட கணக்கு, 2026ல கூடுதலா 2 கோடியே 40 லட்சம் பேரு இன்சூரன்ஸ் இல்லாம இருப்பாங்கன்னு வந்துச்சு. அத மறைக்கல, எல்லாரும் பாக்கற மாதிரி வெப்சைட்ல போட்டாங்க. அப்பறம் கீழ்சபை என்ன பண்ணுச்சு தெரியுமா, மசோதாவ கொஞ்சம் மாத்தி, மாத்தினதுக்கு புது கணக்கு வர்றதுக்கு முன்னாடியே மே 4ஆம் தேதி 217க்கு 213ன்னு ஓட்டு போட்டு அனுப்பிட்டாங்க, கணக்கு மே 24ஆம் தேதிதான் வந்துச்சு. என்னால இன்னைக்கும் ஏத்துக்க முடியாத விஷயம் இது, கோடிக்கணக்கான பேரோட ஆஸ்பத்திரி செலவு சம்பந்தப்பட்டது, இருபது நாள் பொறுக்க முடியாதா? ஆனா அந்த எண்ணிக்கை வெளில வந்தது வந்ததுதான், டீக்கடை வரைக்கும் பேசினாங்க. ஜூலை 28ஆம் தேதி செனட்ல கடைசியா வந்த சுருக்கின மசோதா 49க்கு 51ன்னு தோத்துச்சு, ஜான் மெக்கெயின் உட்பட அதே கட்சிக்காரங்க மூணு பேரு எதிர்த்து போட்டதால.

அந்த ஆபீஸ் கணக்கு எப்பவும் சரியா இருக்கும்னும் சொல்லல. ஒபாமா சட்டப்படி வந்த இன்சூரன்ஸ் சந்தைல எத்தன பேரு சேருவாங்கன்னு முன்னாடி அவங்க போட்ட கணக்கு நிஜத்த விட ரொம்ப அதிகமா போயிடுச்சு. ஆனா தங்களோட பழைய கணக்கு எங்க தப்புச்சுன்னு அவங்களே அறிக்கை எழுதி போடறாங்க, அதனாலதான் நான் அவங்கள நம்பறேன்.

கேள்வி: அரசாங்கம் குடுக்கற தகவலே தப்பா இருந்து, ஜனங்க அத நம்பி ஓட்டும் போட்டுட்டா அப்பறம் என்ன பண்றது?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

இந்த கேள்விக்கு சுவிட்சர்லாந்த விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாதும்மா.

அங்க வருஷத்துக்கு நாலு தடவ வரைக்கும் ஜனங்க நேரா சட்டத்துக்கே ஓட்டு போடுவாங்க. ஓட்டுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி வீட்டுக்கு ஒரு சின்ன புத்தகம் வரும், மசோதா என்ன, அரசாங்கம் என்ன சொல்லுது, எதிர்த்தரப்பு கமிட்டி என்ன சொல்லுதுன்னு எல்லாம் அதுல இருக்கும், இப்ப அதே விஷயம் மொபைல் ஆப்லயும் கிடைக்குது. 2016 பிப்ரவரி 28ஆம் தேதி ஒரு ஓட்டெடுப்பு. கல்யாணம் ஆனவங்க ரெண்டு பேரு சம்பளத்தையும் சேத்து கணக்கு போடறதால, கல்யாணம் பண்ணாம சேந்து வாழறவங்கள விட அதிக வரி கட்ட வேண்டி வருது, அத மாத்தணும்னு ஒரு கட்சி கொண்டு வந்த கோரிக்கை. அரசாங்கம் அத எதிர்த்துச்சு. ரெண்டு பேரும் வேலைக்கு போற தம்பதிங்கள்ல இதனால பாதிக்கப்படறது 80,000 ஜோடிதான்னு தகவல் குடுத்தாங்க. ஜனங்க படிச்சாங்க, 50.8 சதவீதம் பேரு வேண்டாம்னு போட்டு கோரிக்கை தோத்துச்சு, வித்தியாசம் சுமார் 55,000 ஓட்டு.

ரெண்டு வருஷம் கழிச்சு 2018ல அரசாங்கமே சொல்லுது, கணக்குல தப்பு நடந்துடுச்சு, பாதிக்கப்படறது 4,54,000 ஜோடின்னு. யோசிச்சு பாருங்க, அஞ்சு மடங்குக்கும் மேல. ஒரு குடும்பத்துல புருஷன் பொண்டாட்டி ராத்திரி உக்காந்து அந்த புத்தகத்த படிச்சு, சரி 80,000 பேருக்காக எதுக்கு சட்டத்த மாத்தணும்னு நினைச்சு வேண்டாம்னு போட்டிருந்தா அது அவங்க தப்பா? கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, 2019 ஏப்ரல் 10ஆம் தேதி அந்த ஓட்டெடுப்பே செல்லாதுன்னு தீர்ப்பு. நாடு தழுவின ஓட்டெடுப்ப கோர்ட் ரத்து பண்றது அந்த நாட்டு சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவ. வித்தியாசம் கம்மி, தப்பு பெருசு, சரியான எண் தெரிஞ்சிருந்தா முடிவு மாறியிருக்கலாம், இதுதான் கோர்ட் சொன்ன காரணம். மறுபடி ஓட்டு நடக்கறதுக்குள்ள அந்த கோரிக்கைய கொண்டு வந்தவங்களே 2020ல வாபஸ் வாங்கிட்டாங்க, அது வேற கதை.

நீங்க கேட்டதுக்கு பதில் இதுலயே இருக்கு. எண்ண அச்சுல போட்டு வீடு வீடா குடுத்ததாலதான் தப்ப நிரூபிக்க முடிஞ்சுது, மந்திரி மேடைல வாயால சொல்லிட்டு போயிருந்தா யாரு எந்த கோர்ட்ல போயி நிப்பா?

கேள்வி: நான் டப்ளின்ல நர்ஸ், இப்ப அயர்லாந்து குடியுரிமை வாங்கிட்டேன். 2024 மார்ச் ஓட்டெடுப்புக்கு முன்னாடி தேர்தல் கமிஷன்ல இருந்து புத்தகம் வந்துச்சு, ஆனா அதுல ஆமா போடு, இல்ல போடுன்னு யாரோட வாதமும் இல்ல, விளக்கம் மட்டும்தான். ஏன் அப்படி?
– வாசகி, டப்ளின்

நல்லா கவனிச்சிருக்கீங்க. அதுக்கு பின்னாடி பெரிய கதை இருக்கு.

1995ல விவாகரத்த அனுமதிக்கலாமான்னு ஓட்டெடுப்பு வந்தப்ப, அரசாங்கம் 5 லட்சம் பவுண்டு எடுத்து ஆமா போடுங்கன்னு பிரசாரம் பண்ணுச்சு. பாட்ரீசியா மெக்கென்னான்னு பசுமைக் கட்சிய சேந்த ஒரு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் கேஸ் போட்டாங்க. எதிர்க்கறவனும் வரி கட்டறான், அவன் காசையும் எடுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவு பண்றது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் நவம்பர் 17ஆம் தேதி சொல்லிடுச்சு, ஓட்டுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. 9,114 ஓட்டு வித்தியாசத்துல விவாகரத்து ஜெயிச்சுது. அதுக்கப்பறம் 1998ல நடுநிலையா ஒரு கமிஷன் வச்சு, விளக்கமும் குடு, ஆதரவு எதிர்ப்பு ரெண்டு வாதத்தையும் எழுதுன்னு பொறுப்பு குடுத்தாங்க. மூணே வருஷத்துல, 2001 கடைசில, வாதங்கள எழுதற பொறுப்ப மட்டும் சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. அந்த வருஷம் ஜூன்லதான் ஐரோப்பிய யூனியனோட நீஸ் ஒப்பந்தத்த ஜனங்க தோக்கடிச்சிருந்தாங்க, அத நீங்க கவனிக்கணும். இப்ப அந்த வேலை தேர்தல் கமிஷனுக்கு வந்திருக்கு, அதனாலதான் உங்க கைக்கு விளக்கம் மட்டும் வந்துச்சு.

என் கருத்து கேட்டா, எடுத்தது தப்பு. எதிர்த்தரப்போட நல்ல வாதத்த ஒழுங்கா எழுதி குடுக்கறது கஷ்டமான வேலைதான், ஆனா அத பொதுப்பணத்துல யாராவது செஞ்சே ஆகணும். இல்லன்னா அந்த இடத்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு பிடிச்சுக்கும்.

கோர்ட் அதோட விடல. 2012ல குழந்தைகள் உரிமை பத்தின ஓட்டெடுப்புக்கு அரசாங்கம் 11 லட்சம் யூரோ செலவு பண்ணி ஒரு புத்தகமும் வெப்சைட்டும் போட்டுச்சு, தகவல்ங்கற பேர்ல. ஒரு குடிமகன் கோர்ட்டுக்கு போனாரு, அதுல இருக்கற பல விஷயம் நடுநிலையா இல்லன்னு ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி தீர்ப்பு. தகவல்னு பேரு வச்சதால தகவல் ஆயிடாது.

கேள்வி: இந்த மாதிரி அறிக்கை எல்லாம் கோர்ட்ல எடுபடுமா?
– வக்கீல், கும்பகோணம்

எடுபட்டிருக்கு சார். பிரிட்டன்ல 2016 பிரெக்ஸிட் ஓட்டுக்கு முன்னாடி அரசாங்கம் 93 லட்சம் பவுண்டு செலவு பண்ணி, ஐரோப்பிய யூனியன்லயே இருக்கறதுதான் நல்லதுன்னு 2 கோடியே 70 லட்சம் வீட்டுக்கு ஒரு துண்டு அறிக்கை அனுப்புச்சு, நீங்க என்ன முடிவு பண்றீங்களோ அத அரசாங்கம் நிறைவேத்தும்னும் அதுல போட்டிருந்துச்சு. ஆனா ஒரு வருஷம் முன்னாடியே, 2015 ஜூன்ல, அவங்க காமன்ஸ் சபை நூலகத்து ஆராய்ச்சியாளர்கள் உறுப்பினர்களுக்காக ஒரு குறிப்பு எழுதி வெப்சைட்ல போட்டிருந்தாங்க, இந்த ஓட்டெடுப்பு ஆலோசனை மாதிரிதான், சட்டப்படி கட்டுப்படுத்தாதுன்னு. நாடாளுமன்றத்த கேக்காம அரசாங்கம் வெளியேற முடியுமான்னு கேஸ் வந்தப்ப ஹைகோர்ட் 2016 நவம்பர்ல குடுத்த தீர்ப்புல அந்த நூலகக் குறிப்ப எடுத்து காட்டியிருக்கு. கோடிக்கணக்குல அச்சடிச்சத விட, யாரு பக்கமும் சாயாம எழுதின சில பக்கத்துக்கு எடை இருந்துச்சு.

கேள்வி: எல்லா விஷயத்துலயும் ரெண்டு பக்கம் இருக்கா என்ன? தடுப்பூசிக்கும் எதிர்ப்பு வாதம்னு ஒரு பக்கம் ஒதுக்கணுமா?
– டாக்டர், சேலம்

வேண்டாம் டாக்டர். சின்னம்மை போட்டா அம்மா வந்திருக்கான்னு சொல்றது நம்பிக்கை, அதுல நான் தலையிடல, ஆனா தட்டம்மை தடுப்பூசி ஆட்டிசம் உண்டாக்குமாங்கறது ஆதாரத்த வச்சு தீர்ந்து போன கேள்வி, அதுக்கு பாதி பக்கம் குடுத்தா அது பொய்க்கு மேடை போட்டு குடுக்கற மாதிரி. ஆனா தடுப்பூசிய சட்டம் போட்டு கட்டாயப்படுத்தலாமா, ஸ்கூல்ல சேக்கறதுக்கு அத நிபந்தனையா வைக்கலாமாங்கறது கொள்கை கேள்வி, அதுல நேர்மையான ரெண்டு பக்கம் உண்டு. இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டறதுதான் நடுநிலையா எழுதறவங்களோட முதல் வேலைன்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: எந்த கட்சி நம்ம கருத்துக்கு ஒத்து வரும்னு சொல்ற வெப்சைட் ஜெர்மனில அரசாங்கமே நடத்துதாமே, நிஜமா?
– ஐடி ஊழியர், சென்னை

நிஜம்தான். பேரு வால்-ஓ-மாட், 2002ல இருந்து இருக்கு, அரசியல் கல்விக்குன்னு இருக்கற அரசு நிறுவனம் நடத்துது. 38 வாக்கியம் வரும், ஒத்துக்கறீங்களா இல்லையான்னு தட்டிக்கிட்டே போகலாம், கட்சிங்களும் அதே 38க்கு அவங்களே பதில் எழுதி குடுத்திருப்பாங்க, கடைசில யாரோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டும். 2021 தேர்தல்ல 2 கோடி தடவைக்கு மேல பயன்படுத்தியிருக்காங்க. இதுலயும் ஒரு குறை இருந்துச்சு, ஒரே நேரத்துல எட்டு கட்சியோடதான் அப்ப ஒப்பிட முடிஞ்சுது. அப்ப ஜனங்க தெரிஞ்ச பெரிய கட்சியத்தான தேர்ந்தெடுப்பாங்க, எங்களுக்கு அநியாயம்னு வோல்ட்ங்கற சின்ன கட்சி 2019ல கோலோன் கோர்ட்டுக்கு போச்சு, ஐரோப்பிய தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கறப்ப கோர்ட் தளத்தையே நிறுத்திடுச்சு. சமரசம் ஆகி சில நாள்ல மறுபடி வந்துச்சு. நீங்க சாஃப்ட்வேர்ல இருக்கறதால சொல்றேன், ஸ்க்ரீன்ல எத்தன பெட்டி வைக்கறதுங்கற ஒரு டிசைன் முடிவு ஒரு தேசத்தோட தேர்தல்ல பாரபட்சம் ஆயிடும், அத ஒரு கோர்ட் ஒத்துக்கிட்டிருக்கு.

கேள்வி: வெளிநாட்டு கதை எல்லாம் சரி. நம்ம எம்பிங்களுக்கு யாரு எழுதி குடுக்கறா?
– மளிகைக்கடைக்காரர், ஈரோடு

நாடாளுமன்ற நூலகத்துலயே ஆராய்ச்சிப் பிரிவு இருக்கு. வெளில பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச், சுருக்கமா பிஆர்எஸ்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு டெல்லில 2005ல இருந்து இருக்கு, கட்சி சாராதது, மசோதா வந்தா சுருக்கம் போடுவாங்க, எந்தெந்த இடத்துல கேள்வி வருதுன்னு எழுதுவாங்க, ஆதரிங்க எதிருங்கன்னு சொல்ல மாட்டாங்க. எந்த கட்சி எம்பியும் கேக்கலாம், நீங்களும் நானும் வெப்சைட்ல இலவசமா படிக்கலாம். படிச்சு முடிச்ச இளைஞர்கள எம்பிக்கு ஒருத்தரா உதவிக்கு அனுப்பற திட்டமும் நடத்தறாங்க.

ஆனா எழுதி குடுக்க ஆள் இருக்கறது மட்டும் போதாது அண்ணாச்சி. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா சொன்ன மாதிரி ஓட்டு போடலன்னா பதவி போயிடும், அப்ப ரெண்டு பக்கத்தையும் படிச்சு மனசு மாறின எம்பி என்ன பண்ணுவாரு? மீதி இருக்கற ஒரே இடம் நிலைக்குழு, அங்கதான் எல்லா கட்சிக்காரங்களும் உக்காந்து நிபுணர்கள கூப்பிட்டு கேப்பாங்க. பிஆர்எஸ் கணக்குப்படி 15ஆவது மக்களவைல 71 சதவீதம் மசோதா குழுவுக்கு போச்சு, 17ஆவது மக்களவைல 16 சதவீதம்தான். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

நானும் ஒரு தடவ மசோதாவ படிக்காம டிவி விவாதத்த மட்டும் பாத்துட்டு கட்டுரை எழுதிட்டேன், ஒரு வாசகர் பிரிவு எண்ணோட லெட்டர் போட்டு திருத்தினாரு. அன்னைல இருந்து மூலத்த படிக்காம எழுதறதில்ல.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் வராது. எங்க ஊரு பக்கம் ஏதாவது திட்டம் வருதுன்னா நான் எத படிச்சு ஆட்சேபணை சொல்றது?
– விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்

ஐயா, இத்தன கேள்வில எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது உங்களோடதுதான். 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்துச்சே, ஞாபகம் இருக்கும், எந்த திட்டத்துக்கு ஜனங்ககிட்ட கருத்து கேக்கணும் எதுக்கு வேண்டாம்னு மாத்தற வரைவு, அத இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் மட்டும் போட்டுட்டு கருத்து சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஜூன் 30ஆம் தேதி டெல்லி ஹைகோர்ட், அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல இருக்கற 22 மொழிலயும் மொழிபெயர்க்கணும், ஆகஸ்ட் 11 வரைக்கும் அவகாசம் குடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. மத்திய அரசு அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. உங்க நிலத்துக்கு பக்கத்துல என்ன வரப்போகுதுன்னு உங்க மொழில சொல்றதுக்கு ஒரு அரசாங்கம் கோர்ட்ல நின்னு மறுக்கறது எனக்கு தாங்கல ஐயா.

நீங்க செய்யக்கூடியது, பொது விசாரணை அறிவிப்பு வந்தா திட்டத்தோட சுருக்க அறிக்கைய தமிழ்ல கேட்டு கலெக்டர் ஆபீஸ்லயோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலயோ மனு குடுங்க. தமிழ்லயும் அது இருக்கணுங்கறது விதி, அதனால கெஞ்ச வேண்டியதில்ல. உங்க ஆட்சேபணையையும் தமிழ்லயே எழுதி குடுத்து ரசீது வாங்கி வச்சுக்கோங்க.

எங்க பக்கத்துல இருந்து, அடுத்த மாசத்துல இருந்து மசோதாவுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கறதா ஆசிரியர் குழு முடிவு பண்ணியிருக்கு, ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம், ரெண்டையும் அந்தந்த தரப்பு ஆளுங்க அச்சுக்கு போறதுக்கு முன்னாடி படிச்சு பாத்து திருத்தம் சொல்லுவாங்க. எந்த மசோதால இருந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு போஸ்ட்கார்டுல எழுதி போடுங்க.